புதைத்த இடம் தெரிதல் வேண்டும்

1950ஆம் ஆண்டில் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்திய காலத்தில் அடியார்கள் அவற்றைப் புதைத்துக் காத்தனர் எனக் கருதப்படுகிறது. காத்தது பெரிது, எனினும் காத்த இடம் பின்வந்தோர்க்குத் தெரிந்திலது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்செல்வம் இருந்தும் இல்லாததாயிற்று.

ஏடுகளைக் காப்பதற்கும் இவ்வுண்மை பொருந்தும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறோர் ஊரில் படி இல்லாதவை மீளவேயில்லை. இன்று நம் துறைமுகப் பகுதியின் பாடசாலை மலர்கள், மீனவர் பாடல்களின் ஒலிப்பதிவுகள், இலக்கிய வட்டங்களின் கட்டுரைகள் ஆகியவற்றுள் எத்தனை ஒரே ஒரு கணினியை நம்பி வாழ்கின்றன! பென்டிரைவில் படியெடுத்து அதே மேசை இழுப்பறையில் வைப்பது காப்பு ஆகாது. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபோது, ஒரே வீட்டிலிருந்த இரண்டு படிகளும் ஒரு படிக்கே சமம் என்பதைக் கீழ்க்கரை கண்டுகொண்டது.

ஆதலின் தொலைவிலுள்ள சேவையகம் ஒன்றுக்குக் கோப்புறைகளைத் தானே அனுப்பும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை ஒவ்வொரு பாடசாலையும் எழுதிவைத்தல் வேண்டும் என்பது என் கருத்து. பத்து வரிகள் போதும். ஆர்சிங்க் என்னும் கருவி மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும், எஸ்.எஸ்.எச். வழியைக் காக்கும், கிரான் நள்ளிரவில் மறவாது எழுப்பும். மனிதன் சோம்புவான், கிரான் சோம்பாது.

ஆனால், சோம்பாத ஏவலன் சிந்திக்கவும் மாட்டான். மூலத்தில் இல்லாததைப் படியிலும் அழிக்குமாறு ஆணையிட்டால், நாம் தவறி அழித்த கோப்பை அவன் அங்கேயும் அழித்துவிடுவான். ஆகவே நாள்தோறும் தேதியிட்ட தனிக் கோப்புறை தேவை. இணைப்பு அறுந்தாலும் அவன் வாய் திறவான். ஆகவே தோல்வியை உரியவருக்கு அறிவிக்கும் வரியும் தேவை. கடவுச்சொல்லை ஸ்கிரிப்டினுள் எழுதுவதோ கதவில் சாவியைத் தொங்கவிடுவதை ஒக்கும்.

இவற்றினும் முதன்மையானவை இரண்டு. படி எங்குள்ளது, எவ்வாறு மீட்பது என்பதை எளிய தமிழில் எழுதி, ஆசிரியர் மூவரிடமேனும் கொடுத்தல் ஒன்று. திங்களுக்கு ஒருமுறை ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பார்த்தல் மற்றொன்று. மீட்டுப் பாராத படி வெறும் நம்பிக்கையே.

மாணவர்க்கு இதனைப் பாடமாகவே வைக்கலாம். ஸ்கிரிப்ட் எழுதும் இளைஞன் கணினி மொழியை மட்டும் கற்பதில்லை. தனக்குப் பின் வருவோரை நினைக்கவும் கற்கிறான். அடியார்கள் மண்ணிடம் ஒப்படைத்ததை நாம் சேவையகத்திடம் ஒப்படைக்கிறோம். ஒப்படைத்த இடத்தையும் சொல்லிவைத்தால், நம் பிள்ளைகள் தற்செயலை எதிர்பார்த்துக் கிணறு தோண்ட வேண்டியதில்லை.