முகிலுக்குப் பின்னால் ஓர் 'எக்ஸ்'

தம்பி தங்கைமாரே,

2024 ஏப்ரல் 8ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கிரகணக் கண்ணாடியோடு வெளியே நின்றோம். ரொறன்ரோ வானம் முழுக்க முகில். பிற்பகல் 3.20 அளவில் ஊர் இருண்டது, பிறகு வெளித்தது. அவ்வளவுதான். அந்தக் கண்ணாடிகள் இன்னும் வீட்டு லாச்சிக்குள் கிடக்கின்றன.

அந்தக் கவலையில்தான் நாங்கள் சிலர் காசு சேர்த்து ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கினோம். ஸ்காபரோவின் தெருவிளக்குகள் நட்சத்திரங்களை விழுங்கிவிடும், நிலாவை ஒன்றும் செய்யாது. ஆலய வாகனத் தரிப்பிடத்தில் நின்றே அதன் குழிகளைப் பார்க்கலாம். முகில்தான் பிரச்சினை.

ஒன்றைப் பார்க்க நெடுநாள் ஆசை. அரைநிலா நாளையொட்டி, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில், மூன்று குழிகளின் விளிம்புகளில் மட்டும் வெயில் பட்டு 'எக்ஸ்' எழுத்துப்போல ஒளிரும். ஏறக்குறைய நான்கு மணித்தியாலம்தான். பல மாதங்களில் எங்களுக்கு அது பகலிலோ நிலா மறைந்த பிறகோ வந்துபோய்விடும். வாய்க்கிற இரவில் முகில் மூடினால், திரும்பவும் மாதக்கணக்கில் காத்திருப்புத்தான்.

போகுமுன் 'கிளியர் ஸ்கை சார்ட்' பார்த்தோம். கனடிய வானிலைக் கணிப்பை வைத்து, வானம் பார்ப்பவர்களுக்கென்றே செய்த அட்டவணை அது. மணிக்கு ஒரு கட்டம். கடும் நீலம் என்றால் தெளிந்த வானம். வெள்ளை என்றால் வீட்டிலேயே இருக்கலாம். அன்று எங்கள் கட்டங்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தன.

பத்துப் பேர் வந்தோம். ஒன்பது மணிக்கு மிஞ்சியது நான்கு பேர். கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக் கதைத்துக்கொண்டு நின்றபோது முகில் திறந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் தொலைநோக்கிக்குள் நிலா இல்லை! பூமி சுழல்வதால், இரண்டே நிமிடத்தில் நிலா தன் அகலமளவு நகர்ந்துவிடும். எங்கள் தொலைநோக்கிக்கு மோட்டர் கிடையாது. தேடிப் பிடிப்பதற்குள் மூடிவிட்டது.

பிறகு கதையை விட்டோம். முகிலுக்குள் மங்கலாகத் தெரிந்த வெளிச்சத்தைப் பின்தொடர்ந்து, கடைக்குட்டித் தம்பி குழாயை விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தான். பத்தேகாலுக்குத் திறந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. இருளுக்குள் தனியாக, சின்னதாக, பளிச்சென்று அந்த எழுத்து! மூன்று பேர் பார்த்துவிட்டோம். தம்பி கண்ணை வைத்தபோது வெறும் வெள்ளை.

"பரவாயில்லை அண்ணா" என்றான். எங்களுக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. அடுத்த முறை முதலில் பார்ப்பது அவன்தான். கூட வருகிறவர்கள் தடித்த காலுறை போட்டு வாருங்கள்.