இருக்கை செய்தவன் எங்கே?

கிழக்குக் கடற்கரைச் சாலையிலே, மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு கார் நொறுங்கினால் மறுநாள் என்ன செய்தி வருகிறது? "ஓட்டுநரின் கவனக்குறைவு!" அத்தோடு விசாரணை முடிந்தது. கூண்டிலே நிற்பவர் ஓட்டுநர். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கேட்பதும் இரண்டே கேள்வி: தவறாக ஓட்டியவர் யார், காப்பீடு எந்தக் கம்பெனியில்?

ஓட்டுநர் தவறே செய்யார் என்று வாதாட நாம் வரவில்லை. ஆனால், பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடித்த மாத்திரத்தில் இருக்கையின் சாய்மானம் முறிந்து விழுந்தால், அதைச் செய்து விற்றவனைக் கேட்பது யார்?

அமெரிக்காவில் கேட்கிறார்கள். இருக்கை இவ்வளவு பலம் தாங்க வேண்டும் என்று அங்கே விதி எழுதியது 1960களிலே. அந்த விதிக்கு உட்பட்ட இருக்கைகளே மடிந்து, பின்னால் இருந்த பிள்ளைகளை நசுக்கின என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். ஜூரிகள் கோடிக்கணக்கில் இழப்பீடு விதித்தனர். பழைய விதியைத் திருத்தும் வேலையைத் தொடங்கு என்று 2021-ல் அந்நாட்டுச் சட்டமே கட்டளையிட்டது.

இங்கே? 2017 நவம்பரில், டெல்லி - பானிப்பட்டு சாலையில் ஒரு ஹூண்டாய் கிரெட்டா மோதியது. தலையிலும் மார்பிலும் அடி; பற்களிலும் காயம். காப்பதற்கென்று விற்ற காற்றுப்பை விரியவே இல்லை! நமக்கு அண்டையில் இருங்காட்டுக்கோட்டையிலே தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனி அது. (அங்கே வியர்வை சிந்தும் தோழர்மீது நாம் விரல் நீட்டவில்லை. எந்தப் பொருளை எந்த விலையில் பொருத்துவது என்று முடிவு செய்யும் மேசை வேறு.) மோதிய வேகம் பை விரியப் போதாது என்றது கம்பெனி. வாங்குகிறவர் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட அவரென்ன பௌதிக நிபுணரா என்ற கருத்தில் 2022 ஏப்ரல் 20-ல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. மாற்று வண்டியும் 3 லட்ச ரூபாயும் தர வேண்டும் என்ற தீர்ப்பு நிலைத்தது. கார் வாங்கியவருக்கே நாலரை ஆண்டு ஆயிற்று!

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் வரும் கேட்டுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று தனி அத்தியாயமே வகுத்திருக்கிறது. வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் கேட்கலாம். கடன் வாங்கி, தன் பிழைப்புக்கென ஒரு டாக்சி வாங்கித் தானே ஓட்டுகிறவரும் கேட்கலாம். ஆனால் வணிகத்துக்காக வாங்கியவருக்குக் கதவு அடைப்பு. சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றிவந்து மாமல்லபுரத்தில் இறக்குகிற கூலி ஓட்டுநர், முதலாளியின் வண்டியில் முதுகெலும்பு முறிந்து கிடந்தால்? கம்பெனி வக்கீல் நுழையும் சந்து அதுதான். சம்பளத்துக்கு ஓட்டுகிறவரும் உட்பட்டவர் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும் என்கிறோம் நாம். வண்டியின் லாபம் அவருக்கில்லை. வண்டியின் குறை மட்டும் அவருக்கா?

அதுவரை உள்ளதை விடாதீர்கள். நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். செங்கல்பட்டு மாவட்டத்தார் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. கெடு 2 ஆண்டு. வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணமே இல்லை. ஒன்று மட்டும்: முறிந்த இருக்கையையும் அறுந்த வாரையும் படம் பிடித்து, நிபுணர் பார்க்கும்வரை பத்திரமாக வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், கம்பெனிக்கு எதிரான சாட்சியும் அதோடு போய்விடும்.