கே டி.வி.யின் பெயர் மட்டும் மாறவில்லை!

சினிமா பார்க்க வேண்டுமானால் ஒரு காலத்தில் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சிப் பக்கம் வரவேண்டும்.

இன்று சினிமா வீட்டுக் கூரைக்கே வந்துவிட்டது. கூரைமேல் ஒரு டிஷ். அதிலிருந்து ஒரு கம்பி. வீட்டுக்குள் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் படம்!

ஆனால், படம் சும்மா வருவதில்லை. மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்.

தமிழில் இரவு பகலாகச் சினிமாவையே காட்டும் டெலிவிஷன் என்றால், எல்லோரும் சட்டென்று சொல்வது கே டி.வி.யைத்தான். கலாநிதி மாறனின் சன் டி.வி. 1993 ஏப்ரல் 14-ந் தேதி, தமிழ்ப் புத்தாண்டு அன்று தொடங்கியது. சினிமாவுக்கென்றே கே டி.வி. 2001 அக்டோபரில் வந்தது.

சன் குழுமம் மற்ற மூன்று மொழிகளிலும் இப்படிச் சினிமா டெலிவிஷன்களை நடத்துகிறது. அவற்றின் கதைதான் வேடிக்கை.

தெலுங்கில் இருந்தது "தேஜா". கன்னடத்தில் "உஷே". மலையாளத்தில் "கிரண்". தேஜா என்றால் ஒளி. உஷே என்றால் விடியல். கிரண் என்றால் கதிர். சூரியனைப் பெயராகக் கொண்ட கம்பெனி, பிள்ளைகளுக்கும் பொருத்தமாகவே பெயர் வைத்திருந்தது!

அந்த அழகான பெயர்கள் இன்று இல்லை. தேஜா, "ஜெமினி மூவிஸ்" ஆனது. உஷே, "உதயா மூவிஸ்" ஆனது. கிரண், "சூர்யா மூவிஸ்" ஆனது.

காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. பெட்டியில் வரும் டெலிவிஷன்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பட்டியலைப் பார்க்கிறவருக்கு "கிரண்" என்றால் பாட்டா, செய்தியா, படமா என்று தெரியாது. "மூவிஸ்" என்று பலகை மாட்டிவிட்டால், கடையில் என்ன சரக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

கே டி.வி. மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் பெயரில் சினிமா என்ற சொல்லே கிடையாது. இருந்தும் வீட்டில் கிழவர் முதல் குழந்தை வரை அதன் சரக்கை அறிவார்கள். பலகை எதற்கு?

(பெயரும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கல்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். அவர்கள் பேசுவது தமிழ்!)

22 ரூபாய் 42 காசு

பெயர் மாறினால் வீட்டுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. விலை மாறினால்தான் வம்பு.

2006-ல் தமிழ்நாடு சர்க்கார் இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. பெட்டி இலவசம், அதற்குள் வரும் படத்துக்குக் கட்டணம்! 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஆனால், அது தொடங்கியபோது சன் குழுமத்தின் கட்டண டெலிவிஷன்கள் அதில் இல்லை. "70 ரூபாய் சரி, சீரியல் எங்கே?" என்று வீட்டில் கேட்டால் குடும்பத் தலைவர் என்ன பதில் சொல்வார்?

பிறகு 2019 பிப்ரவரியில் டிராய் என்ற மத்திய ஆணையத்தின் புதுத் திட்டம் வந்தது. "வேண்டியதை மட்டும் எடு, அதற்கு மட்டும் பணம் கொடு" என்பது திட்டம். நல்ல திட்டம்தான். கத்தரிக்காய் வாங்கப் போனவர் தலையில் பூசணிக்காயையும் கட்டக் கூடாதல்லவா?

அடிப்படைக் கட்டணம் அப்போது 130 ரூபாய். கட்டண டெலிவிஷன்களுக்குத் தனி விலை. கே டி.வி.க்கு அப்போது வைத்த விலை மாதம் 19 ரூபாய். 18 சதவீத வரியைச் சேர்த்தால் 22 ரூபாய் 42 காசு. வருஷத்துக்கு 269 ரூபாய்!

அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாட்கூலி 229 ரூபாய். அதாவது, கே டி.வி. ஒன்றை மட்டும் ஒரு வருஷம் பார்க்க, ஒரு நாள் கூலிக்கு மேல் வேண்டும். அடிப்படைக் கட்டணம் வேறு. சன் டி.வி.க்கு இன்னொரு 19 ரூபாய்.

பணமும் வாங்கி விளம்பரமுமா?

கட்டண டெலிவிஷனுக்கு வருமானம் இரண்டு வழியில் வருகிறது. பார்ப்பவர் தரும் சந்தா ஒன்று. சோப்பு, பற்பசைக் கம்பெனிகள் தரும் விளம்பரப் பணம் இன்னொன்று. ஒரு முறை உரிமை வாங்கிய படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டலாம். பழைய படமானாலும் நடுவில் வரும் விளம்பரம் புதிது!

ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று டிராய் 2012-ல் விதி செய்தது. டெலிவிஷன் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. டிக்கெட் வாங்கி உள்ளே போனவரிடம், உட்கார்ந்த பிறகும் கையை நீட்டுவது என்ன நியாயம்? சந்தா வாங்குகிறவர்கள் விளம்பரத்தையாவது குறைக்க வேண்டும்.

சமவெளியில் கேபிள்காரர் தெரிந்தவர். ஒரு வாரம் தவணை சொல்லலாம். டிஷ்ஷிடம் தவணை சொல்ல முடியுமா? முன்பணம் தீர்ந்தால் படம் நின்றுவிடும். ஊர்கள் சிதறிக் கிடக்கும் மலையிலோ, மேடு பள்ளம் தாண்டிக் கேபிள் இழுப்பதைவிட டிஷ் வைப்பதுதான் சுலபம்.

மாதக் கட்டணமே இல்லாத டிஷ்ஷும் ஒன்று உண்டு. தூர்தர்ஷனின் "ஃப்ரீ டிஷ்". டிஷ்ஷையும் பெட்டியையும் ஒரு தடவை வாங்கினால் போதும். அதில் வரும் தமிழ் டெலிவிஷன் ஒன்றும் அண்மையில் பெயர் மாறியது. மலையின் பெயரைத் தாங்கியிருந்த "பொதிகை", 2024 ஜனவரி 19-ந் தேதி "டி.டி. தமிழ்" ஆயிற்று.

வெள்ளிமலையில் ஃப்ரீ டிஷ் வைத்தால் டி.டி. தமிழைக் காசில்லாமல் பார்க்கலாம். கே டி.வி. அதில் வருவதில்லை.