கல்லாவில் வைக்கத் தகாத அட்டை

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் கால் கிலோ பருப்புக்கும் தராசு முள்ளைப் பார்க்கிறார். பாக்கெட்டில் விலை அச்சிட்டிருக்கிறதா என்று கேட்கிறார். அவரே முகச் சுருக்கம் போக்கும் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டிவிட்டு, பில் கூடக் கேட்பதில்லை.

இந்த நிலையங்கள் சில, இப்போது கடைவீதிக்கும் வருகின்றன. கல்லாப்பெட்டி அருகே விளம்பர அட்டை வைத்தால் போதும், ஆள் அனுப்பினால் கமிஷன் என்கிறார்கள். வைக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து.

சிகிச்சை முழுப் புரட்டு என்று நான் சொல்லவில்லை. ரேடியோ அலை அல்லது அல்ட்ராசவுண்ட் மூலம் தோலின் உள்ளடுக்கைச் சூடாக்குகிறார்கள். அங்குள்ள கொலாஜன் என்னும் புரத நார் சுருங்கி, பிறகு புதிய நார் உருவாகிறது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. நிறுவனம் கண்ணைச் சுற்றிய சுருக்கத்திற்கு ரேடியோ அலைக் கருவியை 2002லும், புருவத்தை உயர்த்த அல்ட்ராசவுண்ட் கருவியை 2009லும் அனுமதித்தது. ஆனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும். அதுவும் மிதமானதே, ஆளுக்கு ஆள் மாறும், நிரந்தரமும் அல்ல. "ஒரே நாளில் இளமை" என்பது கலப்படச் சரக்கு.

பழகாத கையில் கருவி சிக்கினால் தீப்புண், தழும்பு, கன்னக் கொழுப்பு கரைந்து பள்ளம் விழுதல் எல்லாம் உண்டு. நுண்ணூசியுடன் ரேடியோ அலை செலுத்தும் கருவிகளைப் பற்றி 2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ.வே எச்சரித்தது.

வியாபாரம் மந்தமான நாளில் வரும் கமிஷனை விடுவதா என்று சிலர் கேட்கலாம். பருப்பில் கல் இருந்தால் மாற்றிக் கொடுக்கிறோம். முகத்தில் தழும்பு விழுந்தால் எதை மாற்றிக் கொடுப்போம்? "அண்ணாச்சி கடையில் பார்த்துத்தான் போனேன்" என்ற பேச்சு, ஒரு தலைமுறை நாணயத்தைக் கெடுத்துவிடும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நம் வீட்டாரே விரும்பினால், தகுதி பெற்ற தோல் மருத்துவரிடம் மட்டும் போகட்டும். கருவியின் பெயர், எத்தனை முறை, மொத்தச் செலவு ஆகியவற்றை எழுத்தில் கேட்கட்டும், பில் வாங்கட்டும். சுருக்கத்தை விரைவுபடுத்துபவை வெயிலும் புகைப்பழக்கமும். லாரியில் சரக்கு இறக்கும்போது தலைக்குத் துண்டும், பீடி சிகரெட்டுக்கு விடையும் கொடுப்பது செலவில்லாத வைத்தியம்.

உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.

— ஒரு மொத்த வியாபாரி