கட்டணம் கட்டும் முன் கற்றுப் பார்க்கட்டும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் சிலர், பொறியியலும் வேண்டாம், வணிகவியலும் வேண்டாம், அனிமேஷன் படிக்கிறேன், ஃபிலிம் எடிட்டிங் படிக்கிறேன் என்கிறார்கள். பெற்றோர் முதலில் திகைக்கிறார்கள். பிறகு பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கி, பிராவிடண்ட் ஃபண்டில் கடன் எடுத்தோ நகையை அடகு வைத்தோ, ஏதோ ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் லட்சக்கணக்கில் கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் இத்துறைக்குப் போவதை நான் எதிர்ப்பவன் அல்லன். பணத்தை முதலில் கட்டிவிட்டு, படிப்பு ஒத்துவருமா என்பதைப் பிறகு பார்ப்பது தலைகீழ் வழக்கம் என்பதே என் வாதம்.

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரனுக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சினிமாவைக் கொண்டு சென்றவரே ஒரு ரயில்வே ஊழியர்தான். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கிக் கிளம்பினார். அதைச் சொல்லித்தர அப்போது பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை.

நாம் பிழைக்க வந்த இந்த மும்பையில் தாதாசாகேப் பால்கேயின் கதையும் அப்படித்தான். அவருக்கு வழி திறந்தது லண்டனிலிருந்து வந்த 'பயாஸ்கோப்' என்ற தொழில் பத்திரிகை. 1912இல் கப்பலேறிப் போய் அந்தப் பத்திரிகையின் ஆசிரியரையே சந்தித்தார். அவர் மூலமாக ஹெப்வொர்த் என்ற தயாரிப்பாளரின் ஸ்டுடியோவில் வேலை நடப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து, ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைப் பிரேம் பிரேமாக எடுத்துக் காட்டிப் பணம் போடுபவர்களை நம்ப வைத்தார். 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. பால்கே முதலில் செய்து காட்டினார், அதன் பிறகே பணம் கேட்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பால்கே கடல் கடந்து தேடியது இன்று வீட்டு மேசைக்கே வருகிறது. 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கிய நெதர்லாந்துக்காரர் டோன் ரூசெண்டாலின் நிறுவனம் நொடித்தபோது, 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ ஏழே வாரங்களில் திரட்டி, அதை எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். காசில்லாமல் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் அந்த பிளெண்டரில் உருவாக்கிய 'ஃப்ளோ' என்ற படம், பெரிய ஸ்டுடியோக்களின் படங்களை முந்தி, 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

எடிட்டிங் பயில விரும்புவோருக்கு 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பு உண்டு. அதன் பயிற்சி நூல்களையும், வெட்டி ஒட்டிப் பழகுவதற்கான காட்சித் துண்டுகளையும் அந்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது. 'டாய் ஸ்டோரி' எடுத்த பிக்ஸார் நிறுவனமும் கான் அகாதமியும் சேர்ந்து 2015 முதல் நடத்தும் பாடங்களில், பள்ளிக் கணக்கு சினிமாவில் எங்கே பயன்படுகிறது என்று விளக்குகிறார்கள். ஒரு புல்லின் வளைவு பரவளையம் என்று காட்டியதைப் பார்த்தபோது, இதை எனக்குப் பதினாறு வயதில் யாராவது காட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

ஆங்கிலம் இடறும் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. நம் பவாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் இலவச மென்பொருள்களைப் பற்றிப் பத்து நிமிட அளவிலான பாடங்கள் உள்ளன. பிளெண்டரும், இருபரிமாண அனிமேஷனுக்கான 'சின்ஃபிக்'கும் அவற்றில் அடங்கும். இத்திட்டத்தின் பாடங்களுக்குத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுக்கிறார்கள். மராத்தியிலும் இந்தியிலும் படித்து, தமிழை வீட்டில் மட்டும் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு, ஒரு தொழிலைத் தமிழில் கேட்டுப் பழகுவது இரட்டை லாபம்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. இணையம் ஒரு கடல். இன்று வெடிக்கும் கார், நாளை பறக்கும் டிராகன் என்று தாவித் தாவிப் பார்க்கும் பிள்ளைக்கு எதுவும் கையில் நிற்காது. நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது முதல் சில வாரங்கள் வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். மூலைமட்டம் வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. அதன் பிறகுதான் லேத் பக்கமே விட்டார்கள். அனிமேஷனிலும் அப்படி ஒரு அரம் உண்டு: ஒரு பந்து தரையில் விழுந்து துள்ளுவதை நம்பும்படி செய்வது. விநாடிக்கு 24 பிரேம். பந்து ரப்பரா இரும்பா என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சலிக்காமல் ஐம்பது முறை செய்யும் பிள்ளைக்கு இத்தொழில் ஒத்துவரும். சலித்துவிட்டால், செலவில்லாமல் உண்மை தெரிந்ததே என்று மகிழலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதே உண்மையைத் தெரிந்துகொள்ள மூன்று லட்ச ரூபாய் கொடுத்தது. நான்காம் மாதமே பையன் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். பணம் திரும்பவில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பாடம் பிள்ளைக்கு, தொழில் செய்தி பெற்றோருக்கு. நம் புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியைக் கணினியில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில் அந்தப் படத்துக்காக ஆஸ்காரும் வாங்கியது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் நொடித்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2011இல் ஆப்பிள் நிறுவனம் பழைய ஃபைனல் கட் மென்பொருளை நிறுத்தியபோது, அதை மட்டுமே நம்பியிருந்த எடிட்டர்கள் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. உருவங்களின் ஓரத்தைப் பிரேம் பிரேமாக வெட்டியெடுக்கும் வேலையை நம் நாட்டு இளைஞர்கள் ஏராளமானோர் செய்கிறார்கள். அதையும் இப்போது மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. சேர்க்கை நாளன்று கையில் தரும் வண்ணக் கையேட்டில் இவை இருக்குமா? ஒரு குறிப்பிட்ட மென்பொருளை மட்டும் சொல்லித்தரும் படிப்புக்கு ஆயுள் குறைவு என்பதை இச்செய்திகள் நமக்கு உணர்த்துகின்றன. கதை சொல்லும் அறிவும் ஓவியக் கையும் காட்சியை எங்கே வெட்டுவது என்ற உணர்வும் எந்த மென்பொருள் போனாலும் பிள்ளையிடம் நிற்கும்.

நல்ல கல்வி நிலையங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புணே திரைப்படக் கல்லூரி, அகமதாபாத் என்.ஐ.டி., பவாய் ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. போன்ற அரசு நிலையங்கள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு கடினம்தான். ஆறு மாதம் வீட்டிலேயே பழகி, சொந்தமாக ஒரு நிமிடப் படமாவது செய்து வைத்திருக்கும் பிள்ளை அங்கே தைரியமாகப் போய் நிற்கலாம். தனியார் நிலையத்தில் சேர்ந்தாலும் சரியான கேள்வி கேட்கத் தெரியும்.

தனியாகப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று, தவறைச் சுட்டிக்காட்டும் ஆள். அங்கேதான் சங்கம் வர வேண்டும். மாட்டுங்கா முதல் டோம்பிவிலி வரை நம்மவர்களில் இத்தொழிலில் இருப்பவர்கள் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, சங்க மண்டபத்தில் இரண்டு மணி நேரம், பிள்ளைகள் செய்து கொண்டு வருவதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கணிப்பொறி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சங்கமே இரண்டு நல்ல கணிப்பொறிகள் வாங்கி வைக்கலாம். பொங்கல் விழாவின் மேடை அலங்காரச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தால் முதல் தவணைக்குப் போதும். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் இதே பக்கத்தில் எழுதினால் மகிழ்வேன்.