நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு என்ன புத்தகம்?

ஆறாம் வகுப்பில் இருக்கும் பெண் ஒருத்தி, பத்தாம் வகுப்பு அறிவியல் நூலைத் தானே படித்துப் புரிந்துகொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பிறந்த நாளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்? பெரம்பலூர், அரியலூர்ப் புத்தகத் திருவிழாக்களில் பெற்றோர் சிலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. கேட்டுவிட்டு, பதினோராம் வகுப்பு இயற்பியல் வழிகாட்டியையோ நுழைவுத் தேர்வு வினாத் தொகுப்பையோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்!

மாணவ நண்பர்களே, உங்கள் தம்பி தங்கையருக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ பரிசு வாங்கும் வேலை உங்களிடம் வரலாம். அப்போது இந்த வழியில் போகாதீர்கள். அது பரிசு அல்ல; அடுத்த ஆண்டுப் பாடத்தை இந்த ஆண்டே சுமத்துவது.

இதே மண்ணில், சுமார் 150 ஆண்டுகளுக்கு முன், படிப்பில் தீராத பசியுடன் ஒரு சிறுவன் அலைந்தான். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றான். குன்னத்தில் தங்கிப் படித்தான். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டான். ஒரு நூல் கிடைக்க ஊர் விட்டு ஊர் போக வேண்டிய காலம் அது. அவர்தாம் பிற்காலத்தில் 'தமிழ்த் தாத்தா' என்று போற்றப்பட்ட உ. வே. சாமிநாதையர்.

அவர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். வயது 25. அரியலூரிலிருந்து முன்சீபாக அங்கே மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவ்வாண்டு அக்டோபரில் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை!

இங்கே கவனியுங்கள். ஐயர் குறைவாகப் படித்தவரல்லர். ஒரே வகை நூல்களில் மிக அதிகமாகப் படித்தவர். முதலியார் சிந்தாமணியின் பிரதி ஒன்றை அவருக்குக் கிடைக்கச் செய்தார். அது சமண காவியம். சைவ மடத்தில் பயின்ற ஐயருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்திலிருந்த சமணர்களின் வீடு தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர்ப் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் ஏட்டிலிருந்து அவர் கையால் அச்சுக்கு வந்தன. இன்னும் நூறு அந்தாதிகளை யாராவது பரிசளித்திருந்தால் இது நடந்திருக்குமா?

விஞ்ஞானிகளின் கதையும் இப்படித்தான். தம்மை உருவாக்கிய நூல்கள் என்று சர் சி. வி. இராமன் மூன்றைக் குறிப்பிட்டார். புத்தர் வரலாற்றைக் கவிதையாகச் சொல்லும் எட்வின் ஆர்னால்டின் நூல் ஒன்று. கவிமணி தமிழில் 'ஆசிய ஜோதி'யாகத் தந்தாரே, அதன் மூலம்தான். மற்றொன்று யூக்ளிடின் வடிவகணிதம். மூன்றாவது, ஒலியையும் இசையையும் பற்றி ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது. கவிதை, கணக்கு, இசை! மிருதங்கம், தபலா ஆகியவற்றின் ஒலியைப் பற்றி 'நேச்சர்' இதழில் 1920ஆம் ஆண்டிலேயே இராமன் எழுதியது வியப்பல்ல.

"இராமானுஜன் கணக்கை மட்டுமே படித்து மேதையாகவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1903இல் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு அவரை ஆட்கொண்டது உண்மை. அடுத்த ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கிலத்தில் தவறி, உதவித் தொகையை இழந்ததும் உண்மை. (ஐயர் 1903இல்தான் அக்கல்லூரியிலிருந்து சென்னைக்கு மாறினார். ஓராண்டில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வாய்ப்புத் தவறிப்போயிற்று.) கணக்குப் பிரியருக்குக் கணக்குப் புத்தகம் கூடாது என்பதல்ல என் கட்சி. தனக்குப் பிடித்த துறையின் நூலைப் பிள்ளை எப்படியாவது தேடிக்கொள்ளும். தானாகத் தேடிப் போகாத நூலைத்தான் பிறர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, இயற்பியலில் மூழ்கிய பெண்ணுக்குப் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' கிடைத்தால் கொடுங்கள். கூடவே பறவைகளையும் விலங்குகளையும் பற்றி மா. கிருஷ்ணன் எழுதியதைக் கொடுங்கள். கதையே கதி என்று கிடக்கும் பையனுக்குப் பாறைகளைப் பற்றிய நூல் ஒன்று வேண்டும். நம் பகுதியில் அதற்கு ஒரு வசதி உண்டு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்தில் இங்கே அலையடித்த கடலின் அடியில் படிந்தது. சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான மரம் கல்லாகிக் கிடக்கிறது. புத்தகத்தைப் படித்த மறுநாளே பேருந்தில் போய்ப் பார்த்துவிடலாம்! இப்படியொரு நூலகம் எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்க்கும்? 'என் சரித்திரம்' நூலையும் மறக்க வேண்டாம். அதில் வரும் ஊர்களின் பெயர்ப் பலகைகளை அதே பேருந்திலிருந்து காணலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. வேகமாகப் படிக்கும் பிள்ளையும் வயதால் பிள்ளைதான். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் பெரியவர்கள் நூலின் சொற்கள் விளங்கும். அதிலுள்ள கொடுமைகளைத் தாங்கும் மனம் இன்னும் வந்திராது. நீங்கள் முதலில் படித்துப் பார்த்துக் கொடுங்கள். கொடுத்த பிறகு, "முடித்துவிட்டாயா? என்ன தெரிந்துகொண்டாய்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பாதியில் மூடி வைத்தால் வைக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்து, ஒரு மழை நாளில், அவளே அதை எடுத்துத் தூசி தட்டுவாள்.