சுவரே இல்லாத கடைக்கு எதுக்குங்க சுவர் பாதுகாப்பு?

"வெளிச்சம் சுவரைத் தாண்டாது. அதனால் வெளிச்சத்தில் போகும் தகவலை வெளியே இருப்பவன் திருட முடியாது." லைஃபை பற்றி எங்கே படித்தாலும் இந்த வரி வந்து நிற்கும். 2011-ல் ஹரால்ட் ஹாஸ் டெட் மேடையில் ஒரு மேசை விளக்கு வழியாக வீடியோ ஓட்டிக் காட்டியபோதே இந்தப் பேச்சும் கூடவே வந்துவிட்டது. முதல் வாக்கியம் சரி. நடுவில் "அதனால்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதோடுதான் எனக்குச் சண்டை.

நான் எஞ்சினியர் இல்லை, வெறும் பி.காம். ஆனால் பணம் எந்த ஓட்டையில் ஒழுகும் என்று பார்ப்பதுதான் வங்கியில் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அந்தப் பார்வையில்தான் எழுதுகிறேன்.

டெல்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நல்ல மீன், முருங்கைக்காய், வாழை இலை என்றால் கால் தானாக அங்கே போகும். (மற்ற ஊர்க்காரர்களுக்கு: டில்லி ஹாட்டுக்கு எதிரே, மெட்ரோவில் இறங்கினால் ஆச்சு.) லீவுக்கு வந்த அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஈ.சி.ஈ. கடைசி வருஷம். மீன் மேல் தொங்கும் பல்புகளைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, இந்த எல்.இ.டி.யையே லைஃபை ஆக்கிட்டா, இங்க நடக்குற பேமென்ட்டை எவனாலும் ஒட்டுக்கேட்க முடியாது. ஃபிசிகல் லேயர் செக்யூரிட்டி."

"சரிடா, இங்க சுவர் எங்க இருக்கு? காட்டு பாப்போம்."

திருதிருவென்று முழித்தான் :-)

அவன் சொன்ன வித்தைக்கு அடிப்படை 1975-ல் ஆரன் வைனர் எழுதிய கட்டுரை. ஒட்டுக்கேட்பவனுக்கு வந்து சேரும் சிக்னல், உரியவருக்கு வருவதைவிட மோசமாக இருந்தால், ரகசியச் சாவி இல்லாமலேயே ரகசியம் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அருமையான கணக்கு. ஆனால் "இருந்தால்" என்பதைக் கவனியுங்கள். ஐ.என்.ஏ. மீன்கடையில் காசு கொடுப்பவரும், பக்கத்தில் இறால் பேரம் பேசுபவரும் ஒரே பல்புக்குக் கீழேதான் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்து ஆளுக்குச் சிக்னல் ஏன் மோசமாக வரும்? ஒருவேளை இன்னும் நன்றாகவே வரும்.

கடை வேண்டாம், கதவு சாத்திய அறையே என்று வைத்துக்கொள்வோம். 2015-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சின்ன இடுக்கு வழியே கசிந்து பிரதிபலிக்கும் வெளிச்சமே தகவலைப் படிக்கப் போதுமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடிப் பூச்சும் சரியாகத் தடுக்கவில்லை.

அடுத்தது "ஹைப்ரிட்". விளக்கு தகவலைக் கீழே கொட்டிவிடும், சரி. உங்கள் போன் பதில் அனுப்ப வேண்டாமா? அதில் விளக்குக் கம்பம் இல்லையே. அதனால் பல அமைப்புகளில் போகும் வழி ரேடியோ, வரும் வழி ஒளி. வெளிச்சம் மறைந்தால் வரும் வழியும் ரேடியோவுக்கு மாறிவிடும். திருடன் ஒரு கோணிப்பையைத் தூக்கிக் குறுக்கே பிடித்தால் போதும், நம் தகவல் அவனுக்கு வசதியான பாதைக்கு வந்துவிடும். இன்னொன்று, 2023-ல் வந்த 802.11பிபி என்ற தரநிர்ணயம் பயன்படுத்துவது அகச்சிவப்பு ஒளி. எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளும் வசதியும் போச்சு.

உடனே அமெரிக்க டி.ஜே.எக்ஸ். கதையை எடுத்து வருவார்கள். 2007-ல் வெளியே தெரிந்த திருட்டு அது. அந்த நிறுவனத்தின் மார்ஷல்ஸ் கடை வைஃபைக்குள் வெளியிலிருந்தே நுழைந்து, குறைந்தது 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்களை அள்ளினார்கள். "பாத்தீங்களா, ரேடியோ கசியும்!" என்பார்கள். ஐயா, ரேடியோ எல்லாக் கடையிலும்தான் கசிகிறது. அங்கே போட்டிருந்த வெப் என்ற பூட்டு ஓட்டை என்று 2001-லேயே ஊருக்கெல்லாம் தெரியும். அதை மாற்றாமல் விட்டதுதான் குற்றம். பூட்டு சரியில்லை என்றால் பூட்டை மாற்றணும், ரேடியோவைத் திட்டி என்ன பயன்?

ஸ்ட்ராங் ரூமுக்குத் தடித்த கான்கிரீட் சுவர் உண்டு. அதற்காக உள்ளே பணத்தைத் தரையில் குவித்து வைக்கிறோமா? கதவுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். உள்ளே பெட்டிக்குத் தனிப் பூட்டு. தட்டினால் பணம் போகும் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சில சென்டிமீட்டர் தூரம்தான் பேசும். "தூரம் கம்மி, அதுவே பாதுகாப்பு" என்று விட்டார்களா? சிப் ஒவ்வொரு தடவையும் புதிய ரகசியக் குறியை உருவாக்குகிறது. பின் இல்லாமல் 2015-ல் 2000 ரூபாய், 2021 ஜனவரியிலிருந்து 5000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பும் வைத்தது.

ஆராய்ச்சி செய்கிறவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. ஒட்டுக்கேட்பவன் எங்கே நிற்கிறான், அவன் பக்கம் மட்டும் இரைச்சலைத் திருப்ப முடியுமா என்றெல்லாம் அவர்கள் நேர்மையாகத்தான் கணக்கிடுகிறார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசின் எர்நெட், சென்னை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து லைஃபை சோதனை நடத்திய செய்தி வந்தபோது எனக்கும் பெருமைதான். அந்தக் கணக்கிலிருந்து "இருந்தால்" என்பதை உருவிப் போட்டுவிட்டு, "இனி என்கிரிப்ஷன் தேவையில்லை" என்று விற்க வரும் ஆட்களைத்தான் சொல்கிறேன். இன்று மீன்கடையில் நாம் க்யூஆர் ஸ்கேன் செய்து அனுப்பும் பணம் ஆப்பிலிருந்து வங்கி வரை பூட்டியே போகிறது. நடுவில் இருப்பது ரேடியோவா, ஒளியா, ஒயரா என்று அந்தப் பூட்டுக்குக் கவலையில்லை.

ஊரில் அப்பா அம்மா வீட்டுக்கோ, உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கோ யாராவது இதை விற்க வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். விளக்கு மறைந்ததும் எந்த ரேடியோவுக்கு மாறும்? அதில் போட்டிருக்கும் பூட்டு எது? சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.